வேர்மண் உடையாமல் மாளிகம்பட்டு வரை

முந்திரி ஒட்டுக் கன்றைப் பையோடு கையில் எடுத்தாலே, அது எப்படிப்பட்ட பாதையில் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பையை விரல்களால் லேசாக அழுத்திப் பார்ப்பேன். மண் ஒரே கட்டியாக நின்றால் கன்று பிழைக்கும். உள்ளே பொலபொலவென்று நகர்ந்தால் வேர்மண் உடைந்துவிட்டது என்று பொருள். நட்ட இரண்டாவது வாரத்தில் இலை தொங்கும், ஒட்டுக்கு மேலே இருக்கும் தளிர் கருகும். வாங்கியவர் கன்று சரியில்லை என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோளாறு என் மாருதி ஜிப்சி ஜீப்பின் கமான் பட்டையில், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டி வண்டியைத் தாங்கவைக்கும் வில்லில் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே நான்கு ஆண்டுகள் ஆயின.

கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, இந்த மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா காலத்து மரங்கள் ஒரே காலையில் விறகாகிப் போயின. விதைக் கன்று வைத்து ஆண்டுக் கணக்கில் காத்திருக்க யாருக்கும் தெம்பில்லை. ஒட்டுக் கன்றுக்குத் தேவை எழுந்தது. அப்போதுதான் கன்றுகளை ஏற்றிப் போக, 2004-ஆம் ஆண்டு மாடல் ஜிப்சி கிங் ஒன்றைப் பழைய வண்டி விலைக்கு வாங்கினேன்.

ஏன் ஜிப்சி என்றால், முந்திரிக் காட்டுப் பாதை அப்படி. பண்ருட்டி தாண்டி மாளிகம்பட்டு, காடாம்புலியூர்ப் பக்கம் உள்ளே நுழைந்தால் இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு வண்டித் தடம்தான் இருக்கும். வெயில் காலத்தில் புழுதி, மழைக் காலத்தில் சறுக்கும் செம்மண். சரக்கு ஆட்டோ சிக்கிக்கொள்ளும் இடத்தில் இந்த வண்டி நான்கு சக்கரத்திலும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ ஒரு டன் எடை, முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டி அச்சு, நான்கு மூலையிலும் கமான் பட்டை. சிக்கலான பாகம் எதுவும் கிடையாது. கடலூரில் கிடைக்கும் சாவிகளைக் கொண்டே முழு வண்டியையும் பிரித்துப் போடலாம்.

ஆனால் உதைக்கும். அரை டன் வரை பாரம் சுமப்பதற்கென்று அமைந்த பட்டை, காலியாக ஓடும்போது அமுக்குவதற்கு ஆளில்லாமல் விறைத்து நிற்கிறது. அதை வடிவமைத்தவர்களின் குறையாக நான் நினைக்கவில்லை. பாரம் ஏற்ற வேண்டிய வண்டிக்கு அந்த விறைப்பு வேண்டும். என் பாரம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமலேயே நான் பட்டையில் கை வைத்ததுதான் தவறு.

2019-இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பித்த கையோடு, உதைப்பைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பினேன். எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம், பின்பக்கக் கட்டிலிருந்து ஒரு பட்டையை உருவிவிடுவது. செலவே இல்லை. செய்தேன். காலி வண்டி மெத்தை போலப் போனது. ஒரு மாதம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஐப்பசியில் நடவு தொடங்கி 150 கன்றுகளை ஏற்றியபோது நிலைமை தெரிந்தது. பை ஒன்று ஒன்றரைக் கிலோ, ஆக 225 கிலோ. நெல்லிக்குப்பம் தாண்டிக் கரும்பு டிராக்டர்கள் உழுதுவைத்த சாலையில் ஒவ்வொரு குழியிலும் பின்னச்சு மேலேறி, வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பொருத்தியிருக்கும் ரப்பர்க் கட்டையில் ‘டங்’கென்று மோதியது. பட்டை தாங்க வேண்டிய அடியைச் சேஸ் வாங்கியது. சேஸ் வாங்கியதைக் கன்றுகள் வாங்கின. அந்த நடையில் பதினேழு கன்றுகளின் வேர்மண் உடைந்திருந்தது.

பட்டையை உருவுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் அதன் பங்குச் சுமையை மேலே இருக்கும் தாய்ப்பட்டைதான் ஏற்கிறது. அச்சை வண்டியோடு பிடித்து நிறுத்துவதும் தாய்ப்பட்டைதான். பிரேக் போடும்போதும் வேகமெடுக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கையும் கட்டுதான் தடுக்க வேண்டும். மெலிந்த கட்டு எஸ் வடிவத்தில் நெளியும். தாய்ப்பட்டை, நுனியில் போல்ட் மாட்டும் கண்ணருகே முறிந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். ஆட்களோடு போகும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

அடுத்து ஷாக் அப்சார்பரைக் குறை சொன்னேன். விறைப்பான வாயு நிரப்பிய ஷாக் நான்கு வாங்கி மாட்டினேன். மோதல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் சின்னச் சின்ன அதிர்வெல்லாம் கூடியது. ஷாக்கின் வேலையை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். எடையைத் தாங்குவது பட்டை. அமுங்கிய பட்டை திரும்பத் திரும்பக் குதிக்காமல் அடக்குவது ஷாக். பட்டை சரியில்லாத வண்டிக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும், காய்ச்சல் இருக்கும் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்ட கதைதான்.

மூன்றாவது தவறு பெரியது, பணமும் அதிகம். 2021-இல் இரண்டு அங்குலம் உயர்த்தும் கனத்த பட்டைகளையும், கூடவே நீளமான ஷேக்கிள்களையும் (பட்டையின் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஆடும் தகடுகள்) வாங்கினேன். வண்டி பார்க்கக் கம்பீரமாக நின்றது. மழைக்காலப் பள்ளங்களில் அடி தட்டாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிதம்பரம் சாலையில் சிப்காட் தாண்டி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் மிதந்தது. வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நேருக்கு வரவில்லை. முன்பக்க ஷேக்கிள் நீண்டதும் அச்சு முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது. சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிக்கும் அந்தச் சாய்கோணம் ஒன்றிரண்டு டிகிரி குறைந்தாலே போதும், வண்டி தறிகெட்டுத் திரியும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சாய்வைத் திருத்தலாம் என்று பிறகு தெரிந்தது. வேகமெடுக்கும்போது எஞ்சினின் இழுவையை அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டிலிருந்து நடுக்கமும் வந்தது. உயரத்தால் அதன் கோணம் கூடிவிட்டது. பின்சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி போல விறைத்திருந்தது. அதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கன்றுகள்? முன்பைவிட மோசம். கனத்த பட்டைக்கு என் 225 கிலோ ஒரு பாரமே இல்லை.

சட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியவர்கள், உயர்த்துவதற்கு முன்பு இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூல அளவிலேயே புதுப் பட்டை போடுவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பண்ருட்டிச் சாலையில் லாரிகளுக்குக் கமான் பட்டை கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். 2023 கோடையில், மனம் வெறுத்துப்போய், பழைய பட்டைகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“தம்பி, எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள்?”

“இருநூறு, இருநூற்றைம்பது கிலோ இருக்கும் ஐயா.”

“இருக்கும் என்றால் எப்படி? எடை போட்டுப் பார்த்தீர்களா?”

போட்டதில்லை. பதினொரு ஆண்டாக அந்த வண்டியை ஓட்டியிருந்தும், மூன்று முறை வைத்தியம் பார்த்திருந்தும், எடை மேடையில் ஏற்றியதே இல்லை. அவர் பேசாமல் பழைய கட்டு ஒன்றை எடுத்துச் சென்டர் போல்ட்டைக் கழற்றினார். பட்டைகள் பிரியவில்லை. துரு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருந்தது. சம்மட்டியால் பக்கவாட்டில் தட்டியதும் செம்பழுப்புப் பொடி அவர் காலடியில் கொட்டியது. பட்டையின் முகத்தில் அம்மைத் தழும்பு போல் குழிகள். ஒரு குழியில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினார், நகம் மாட்டிக்கொண்டது. “விரிசல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கடல் காற்று” என்றார். பிறகு ஷேக்கிள் ஊசியைத் திருப்பிப் பார்த்தார். அது, தன்னைச் சுற்றியிருக்கும் உறையான புஷ்ஷுக்குள் இறுகிப்போய் அசையவே இல்லை.

அந்த நிமிடம் எனக்குப் பாதி புரிந்தது. கமான் பட்டை வளையும்போது பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். நீளம் மாறுவதற்கு ஏற்ப ஷேக்கிள் ஊஞ்சல் போல ஆட வேண்டும். இரண்டும் இறுகிப்போன கட்டு வெறும் இரும்புத் துண்டு. நான் 2019-இல் உதைக்கிறது என்று குறைப்பட்டது பட்டையின் விறைப்பை அல்ல, துருவின் விறைப்பை. அன்றைக்கே பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைத்திருந்தால், மற்ற மூன்று வைத்தியங்களும் தேவைப்பட்டிருக்காது.

மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள அவர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் இதை ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எடை மேடை. மண்டிக்குப் பக்கத்திலிருக்கும் எதுவாக இருந்தாலும் சரி. முழு வண்டியை ஒரு முறை ஏற்றுங்கள். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு முறை, பின்சக்கரங்கள் மட்டும் ஒரு முறை. காலியாக, பாரத்தோடு, இரண்டு விதமாகவும். என் வண்டி ஓட்டுநரோடு காலியாக முன்னே 560, பின்னே 480 கிலோ காட்டியது. கன்றுகளோடு முன்னே 575, பின்னே 690. ஏற்றிய பாரம் ஏறக்குறைய முழுவதும் பின்னச்சில்தான் உட்காருகிறது. முன்பக்கப் பட்டையை நான் கனமாக்கியதற்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை என்பதை அந்தச் சின்ன எடைச் சீட்டு சொல்லிவிட்டது.

அடுத்தது அமுங்கும் அளவு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மூட்டைகளில் மணலை நிரப்பி, ஒவ்வொன்றையும் 50 கிலோவாக நிறுத்து, பின்னச்சுக்கு நேர் மேலே வையுங்கள். பக்கத்துக்கு 100 கிலோ. மறுபடி அளந்து பாருங்கள். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு, வண்டியைத் தொடாமல் மூன்றாவது முறை அளந்து பாருங்கள். இந்த மூன்றாவது அளவில்தான் விஷயம் இருக்கிறது. பழைய துருப்பிடித்த கட்டுகளைத் திரும்ப மாட்டிப் பார்த்தபோது, பாரத்துக்கு 21 மில்லிமீட்டர் இறங்கியது. பாரத்தை எடுத்ததும் 9 மில்லிமீட்டர்தான் ஏறியது. மீதி 12 அப்படியே சிக்கி நின்றது. பின் பம்பரில் ஏறி நின்று இரண்டு முறை குதித்த பிறகுதான் ‘கிரீச்’சென்று மேலே வந்தது. சிக்கி நிற்கும் அந்த அளவுதான் உராய்வு. சின்னக் குழிகளில் பட்டை வேலையே செய்யாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

உயர்த்தும் கனத்த பட்டையில் அதே 100 கிலோவுக்கு 24 மில்லிமீட்டர் இறங்கியது, ஒழுங்காகத் திரும்பியது. அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுக்க நாலு கிலோவுக்கு மேல் வேண்டும். என் எடைக்கு அது மிக அதிகம். பின்னால், மூல அளவில் வாங்கிய புதுப் பட்டையை மாட்டிச் சோதித்தபோது 44 மில்லிமீட்டர் இறங்கி, 41 ஏறியது. மில்லிமீட்டருக்கு இரண்டேகால் கிலோ. காலி வண்டியில் அச்சுக்கும் ரப்பர்க் கட்டைக்கும் நடுவே 90 மில்லிமீட்டர் இடம் இருந்தது. பாரத்தோடு 46 மிச்சம். பாரம் ஏற்றிய பிறகும் பாதி இடமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பெரியவரின் கணக்கு. ஒரு பட்டையை உருவிய காலத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு விரல்கடை இடம்கூட இருந்திருக்காது.

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது என் முன்னே நான்கு வழிகள் இருந்தன. பழைய பட்டைகளுக்கே வளைவு ஏற்றுவது ஒன்று. லாரிப் பட்டைக்கு இதைத் தினமும் செய்கிற பெரியவரே என் பட்டைக்கு வேண்டாம் என்றார். அடுப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு, எண்ணெயில் தோய்த்து மறுபடி பதமாகச் சூடேற்றும் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், இரும்பின் திமிர் போய்விடும்; சில மாதத்தில் மறுபடி சப்பையாகும். பதம் கெடாமல் குளிர்நிலையிலேயே தட்டி வளைக்கலாம்தான், ஆனால் குழி விழுந்த பட்டைக்கு அதுவும் வீண்.

காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றுவது இன்னொன்று. அதற்குச் சேஸில் வெல்டிங் வைக்க வேண்டும். கமான் பட்டை, பாரத்தைச் சுமப்பதோடு அச்சை இடத்தில் பிடித்துவைக்கும் வேலையையும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலைக்குத் தனியாகக் கைகளும் குறுக்குத் தண்டும் பொருத்த வேண்டும். சட்டமும் இடிக்கும், கடலோரத்து வெல்டிங்கும் துருவுக்கு அழைப்பு. எனக்கு அதில் விருப்பமில்லை.

மனத்தைக் கொஞ்சம் ஆட்டியது பாராபாலிக் பட்டைதான். நடுவில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும் இரண்டு, மூன்று பட்டைகள். நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உராய்வு மிகக் குறைவு, அதனால் சின்ன அதிர்வுகளை அழகாக விழுங்கும். ஆனால் பல பட்டைக் கட்டில் அந்த உராய்வுதான் ஓரளவு ஷாக்கின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அது இல்லாத இடத்தில் நல்ல ஷாக் கட்டாயம். ஒரு பட்டை முறிந்தால் மிச்சம் இருப்பது ஒன்றோ இரண்டோ. பெரும்பாலும் ஆட்களோடு, குறைந்த பாரத்தில் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன். நடவுக் காலம் முழுக்கப் பாரம் ஏற்றும் எனக்கு, எந்த ஊரிலும் ஒற்றைப் பட்டை வாங்கி மாற்றிக்கொள்ளக்கூடிய பழைய வகைக் கட்டே பொருந்தும் என்று தோன்றியது. விலையும் பாதிக்குக் குறைவு.

ஆக, மூல அளவிலேயே நான்கு புதுக் கட்டுகள். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய் வரலாம் என்று சிலர் சொன்னார்கள் (எங்கள் பண்ருட்டிக்குப் பக்கத்திலும் ஒரு புதுப்பேட்டை உண்டு, ஒவ்வொரு முறையும் எந்தப் புதுப்பேட்டை என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது). கதவும் கண்ணாடியும் பழைய சந்தையில் வாங்கலாம். பட்டையையும் புஷ்ஷையும் பழையதாக வாங்கவே கூடாது. எத்தனை லட்சம் முறை வளைந்த இரும்பு அது என்று பார்வையில் தெரியாது.

மாட்டுவதற்கு முன் புதுக் கட்டைப் பிரித்து, பட்டைகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸை மெல்லிய பூச்சாக வைத்தோம். அப்பிவைத்தால் மணலைச் சேர்த்துக்கொண்டு உப்புத்தாள் போல் தேய்க்கும். நுனிகளில் நைலான் தகடு. புஷ் விஷயத்தில் எனக்கும் மேஸ்திரிக்கும் சின்ன வாக்குவாதம் நடந்தது. பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும் என்றார் அவர். உண்மைதான். ஆனால் அது கெட்டி. ரப்பர் போல முறுகிக் கொடுக்காது. அடிக்கடி கிரீஸ் கேட்கும், புழுதியில் கத்தும். நான் நல்ல ரப்பரே போட்டேன்.

அந்த ரப்பர் புஷ்ஷில்தான் பெரும்பாலான பட்டறைகள் தவறு செய்கின்றன. வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டுக்கொண்டே பட்டைக் கண்ணின் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுகிறார்கள். தொங்கும் நிலையில் ரப்பர் இறுகிவிட்டால், வண்டியை இறக்கியதும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஆறே மாதத்தில் கிழியும். போல்ட்டைக் கையளவு மாட்டி, நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியை இரண்டு முறை அமுக்கி ஆட்டிவிட்டுப் பிறகே முறுக்க வேண்டும். கூடவே நின்று சொல்லுங்கள். மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடியைத் தராது. சென்டர் போல்ட்டின் தலை அச்சுப் பலகையின் துளைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குறுக்கு மாற்றிக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்; வித்தியாசம் இருந்தால் வண்டி நாய் ஓடுவது போலச் சாய்ந்து ஓடும். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா யு-போல்ட்டையும் மறுபடி முறுக்குவது கட்டாயம். எனக்கு அப்போது ஒவ்வொன்றும் கால் சுற்று இறங்கியது.

ஷாக்கைப் பட்டைக்குப் பிறகுதான் தேர்ந்தெடுத்தேன். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ரப்பர்க் கட்டை நசுங்கும் வரை ஜாக்கியால் தூக்கி, ஷாக் மாட்டும் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தேன்: 318 மில்லிமீட்டர். அதே சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு அளந்தேன்: 497. வாங்கும் ஷாக் முழுக்க மூடும்போது முதல் அளவைவிடக் குறைந்தது 15 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர்க் கட்டைக்கு முன்பே ஷாக் அடி வாங்கி உடையும். முழுக்க நீளும்போது இரண்டாவது அளவைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தொங்கும் சக்கரத்தின் முழு எடையும் ஷாக்கின் கண்ணில் தொங்கும். என் எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வண்டியை நீங்களே அளந்து பாருங்கள். விறைப்பில் நடுத்தரமான, இரட்டைக் குழாய் வாயு ஷாக் போதுமானதாக இருந்தது.

கேப்பர் மலை மண் பாதையில் மழை விட்ட சில வாரங்களில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக மேடு எழும்பும். அந்தப் பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி நான்கு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். நான்கும் ஒரே அளவாகச் சூடாக இருக்க வேண்டும். குலுங்கும் ஆற்றலை வெப்பமாக மாற்றுவதுதான் ஷாக்கின் தொழில். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்துவிட்டது. இந்தச் சோதனைக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

டயர்க் காற்றைப் பற்றி ஒரு சொல். காலியாகப் போகும்போது முன்னே 22, பின்னே 24. பாரம் ஏற்றினால் பின்னே 30. கன்று இறக்கிய கையோடு காற்றைக் குறைத்துவிடுவேன். எப்போதும் ஒரே அளவு கெட்டிக் காற்றோடு ஓட்டிவிட்டுப் பட்டையைத் திட்டிய ஆண்டுகள் எனக்கும் உண்டு.

அந்த ஐப்பசியில் அதே 150 கன்றுகளோடு மாளிகம்பட்டு போனேன். சாலை மாறவில்லை; விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நெடுஞ்சாலை விரிவாக்க வேலையால் பண்ருட்டியைச் சுற்றி இன்னும் மோசமாகத்தான் இருந்தது. காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பையாக அழுத்திப் பார்த்து இறக்கினேன். உடைந்தவை மூன்று. அதில் ஒன்று நான் இறக்கும்போது கைதவறிப் போட்டது. நிலத்துக்காரம்மா ஒரு பையைக் கிழித்துக் குழிக்குள் வைத்தார். செம்மண் கட்டி, பையின் மடிப்பு ரேகைகூடக் கலையாமல் அப்படியே உட்கார்ந்தது. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறியபோது, கன்றுகளுக்குப் பதிலாக அரிசி மூட்டையும் தண்ணீர் கேன்களும் ஏற்றிக்கொண்டு ஆற்றோர ஊர்களுக்குப் போனேன். தார் அரித்துப்போய் ஜல்லி பல்லிளித்த சாலை. அன்று பாரம் முந்நூறைத் தாண்டியிருக்கும். இரண்டு இடங்களில் ரப்பர்க் கட்டை தட்டியது, அவ்வளவுதான். வீடு திரும்பியதும் செய்த முதல் வேலை, அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவியது. கழுவிய பிறகு டீசலோ பழைய எஞ்சின் ஆயிலோ அடித்துவிடட்டுமா என்று சர்வீஸ் நிலையங்களில் கேட்பார்கள். துருவுக்கு நல்லது என்பார்கள். புஷ் ரப்பரை அது ஊதவைத்துத் தின்றுவிடும். நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். சேற்றில் இறங்கிய ஆண்டில் கட்டைப் பிரித்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைக்கிறேன். ஒரு நாள் வேலை.

உயர்த்துவதற்காக வாங்கிய அந்தக் கனத்த பட்டைகள் நெடுநாள் நாற்றங்கால் கொட்டகையில் கிடந்தன. யாருக்காவது விற்கலாம் என்று பலர் சொன்னார்கள். என் வண்டியை அலையவைத்ததை இன்னொருவர் வண்டிக்குத் தர மனம் வரவில்லை. பட்டறைப் பெரியவர்தான் வழி சொன்னார். கமான் பட்டை இரும்பில் அடித்த அரிவாளுக்கு நிகர் இல்லை. ஊர்க் கொல்லரிடம் கொடுத்து இரண்டு கொடுவாளும், பலாப்பழம் அறுக்க ஒரு நீளக் கத்தியும் அடித்து வாங்கினேன். இந்த ஆண்டு முந்திரிக் கவாத்து முழுக்க அந்தக் கொடுவாளில்தான் நடந்தது. ஒரே வெட்டில் கிளை விழுகிறது.